ஆளுக்கொரு கொடி



நம் சங்க மலரில் மொழியைப் பற்றி எழுதுவோர் பலர். நாட்டைப் பற்றி எழுதுவோர் பலர். காதலைப் பற்றி எழுதுவோர் அவ்விரு கூட்டத்தையும் கூட்டினால் வரும் தொகையினும் பலர். நான் எழுத வந்திருப்பதோ கொடியைப் பற்றி. கட்சிக் கொடி அன்று, வெற்றிலைக் கொடி! மானசகங்கோத்ரியில் தாவரவியல் முதுகலை பயிலும் எனக்கு வேறு எதைப் பற்றி எழுதத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டு, மேலே படியுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. விடுதியிலும் வாடகை அறையிலும் வாழும் நாம், ஒவ்வொருவரும் ஒரு சட்டியில் ஒரு கொடியை நம் கையாலேயே பதியனிட்டு வளர்க்க வேண்டும். கடையில் வாங்கி வைப்பது போதாது. வளர்த்ததை, ஊர் திரும்பும் நாளில் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகவும் வேண்டும். பொழுதுபோக்குக்காக இதைச் சொல்லவில்லை. சில கொடிகள் இப்படிக் கைமாறினால்தான் உலகில் இருக்கும்; கைமாறாவிட்டால் இல்லாமற் போகும்.

எப்படி? நெல்லை எடுத்துக் கொள்ளுங்கள். ஒருவரும் பயிரிடாத நெல் வகையாயினும் விதையைக் காயவைத்துக் குளிர் அறையில் பூட்டி வைக்கலாம். பல ஆண்டுகள் கழித்து எடுத்து விதைக்கலாம். வெற்றிலைக்கு அந்த வழி இல்லை. வெற்றிலைக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. நம் பக்கத்தில் அது பூப்பதே அரிது. காய்ப்பது அதனினும் அரிது. பூவும் காயும் இன்றி வெறும் இலையாகவே நிற்பதால் அது ‘வெற்றிலை’ ஆயிற்று என்று சொற்பொருள் கூறுவோர் உண்டு. அச்சொல்லாராய்ச்சி சரியோ தவறோ, அதில் உள்ள தாவரவியல் சரி! ஆகவே இன்று நாம் மெல்லும் வெற்றிலை, எவரோ ஒருவர் முன்னொரு காலத்தில் கிள்ளி நட்ட கொடியின் துண்டின் துண்டின் துண்டு. இடையில் ஒரு தலைமுறை நடாமல் விட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும்.

இந்த மைசூரையே பாருங்கள். மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு வாழை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றும் விதையால் அன்றிக் கொடித் துண்டாலும் குச்சியாலும் கன்றாலும் வழிவழி வருபவை என்பது கவனிக்கத்தக்கது. மைசூர் வெற்றிலையைச் ‘சிகுரெலெ’ என்பார்கள் இவ்வூரார். கொழுந்திலை என்று பொருள். தேவராஜ மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மெல்லியது; காரம் குறைந்தது. அந்த இலை விளைந்த தோட்டங்கள் வித்யாரண்யபுரத்தை ஒட்டியும் நஞ்சன்கூடு சாலைப் பக்கமும் பரந்து கிடந்தனவாம். இன்று அங்கே நடந்து பார்த்தால், இரண்டு வீடுகளுக்கு நடுவே, மதிலுக்குப் பின்னே, அகத்தி மரங்கள் தலைகாட்டுகின்றன. அவற்றின் காலடியில் எஞ்சிய கொடிகள். நகரம் வளர்ந்தது, மனை விலை ஏறியது, தோட்டம் சுருங்கியது. நிலத்துக்குரியவரை நோவதில் பயனில்லை. வெற்றிலை பறிக்க ஆள் தேட வேண்டும். மனையை விற்க ஆள் தேட வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் கதை வேறு அன்று. சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ஆம் ஆண்டில் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே! ஆனால் குறியீடு காப்பது பெயரை. வேறு ஊர் இலையை இவ்வூர்ப் பெயர் சொல்லி விற்கக் கூடாது என்று அது தடுக்கும். கொடி பட்டுப்போவதை அது தடுக்குமா? பெயர் பதிவேட்டில் இருக்க, கொடி தோட்டத்தில் இல்லாமற் போனால், அந்தப் பெயரை வைத்து நாம் என்ன செய்வது?

என் தாய்வழிப் பாட்டனாரை நாங்கள் ‘அப்பிச்சி’ என்போம். பரமத்தி வேலூர்ப் பக்கத்தில், ராஜா வாய்க்கால் பாசனத்தில், அவருக்குச் சிறு கொடிக்கால் இருந்தது. அங்கே நூறு இலை ஒரு கவுளி. நூற்று நான்கு கவுளி ஒரு சுமை. அந்த நான்கு ஏன் என்று சிறு வயதில் கேட்டேன். “கேட்காதே கண்ணு, எண்ணு” என்றார். நடுவதற்கு வைத்திருக்கும் கொடித் துண்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘விதைக்கொடி’. விதையே இல்லாத பயிருக்கு விதைக்கொடி! படித்தவர் சூட்டிய கலைச்சொற்களுள் இத்துணைப் பொருத்தமான சொல் எத்தனை தேறும் என்பது ஐயமே.

கொடிக்காலில் ‘கொடி இறக்குதல்’ என்று ஒரு வேலை உண்டு. அகத்தியைப் பற்றி ஏறிய கொடி கைக்கு எட்டாத உயரம் போனதும், அதை மெல்ல அவிழ்த்து இறக்கி, அடிப்பகுதியை வளைத்து மண்ணுள் புதைத்து, நுனியை மட்டும் மீண்டும் மரத்தில் கோரையால் கட்டிவிடுவார்கள். புதைத்த கணுக்களில் எல்லாம் வேர் இறங்கும், கிழக்கொடி இளங்கொடியாகும். நாங்கள் வகுப்பில் பதியன் முறை என்று இரண்டு பக்கம் எழுதிய பாடம் இதுதான். அப்பிச்சி ஒரு பக்கமும் எழுதியதில்லை.

கணுவில் ஏன் வேர் வருகிறது என்பதை மட்டும் நான் சொல்லலாம். கொழுந்திலும் இளவிலையிலும் ‘ஆக்ஸின்’ என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிறது. 1928-ஆம் ஆண்டில் டச்சு நாட்டு விஞ்ஞானி வெண்ட், ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார். வேர் விடச் செய்வதும் அதுவே என்பது 1930-களின் நடுவில் தெளிவாயிற்று. அது தண்டின் மேலிருந்து கீழ்நோக்கியே செல்லும். தண்டை வெட்டினால் போகும் வழி அடைபட்டு, வெட்டுவாயின் அருகே தேங்கும். தேங்கிய இடத்தில் வேர் புறப்படும். ஆதலால்தான் துண்டைத் தலைகீழாக நட்டால் தகராறு செய்கிறது. ஆதலால்தான் இலை முழுவதையும் உருவிவிட்டு நடுவது தவறு. ஓர் இலையாவது இருந்தால் ஆக்ஸினும் கிடைக்கும், உணவும் கிடைக்கும். இலை மிகுந்தாலோ, வேர் வருமுன் நீர் ஆவியாகித் துண்டு வாடும். வெற்றிலையும் மிளகும் வேரால் பற்றி ஏறும் கொடிகள். அவற்றின் கணுவில் பற்றுவேர் முன்னமே காத்திருக்கிறது. கடையில் விற்கும் வேர்த்தூள் அவற்றுக்கு வேண்டியதில்லை. காசு மிச்சம்!

செய்முறை இதுதான். நோயற்ற, நன்றாக ஓடும் கொடியின் மேற்பகுதியிலிருந்து மூன்று முதல் ஐந்து கணு உள்ள துண்டை எடுங்கள். கத்தியை முதலில் சாராயத் துணியால் துடையுங்கள் (சாராயம் என்றதும் சில தோழர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டையே சொன்னேன்). அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மணலும் தென்னை நார்க்கழிவும் மண்ணும் சம பங்காகக் கலந்த சட்டியில் இரண்டு கணுவைப் புதைத்து, மற்றதை வெளியே விடுங்கள். சட்டியின் அடியில் துளை கட்டாயம். ஈரம் இருக்க வேண்டும். நீர் நிற்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, வெயில் நேரே படாத சன்னலோரம் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புதுக் கொழுந்து தலைகாட்டும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள். வேர் வந்ததா என்று நாள்தோறும் இழுத்துப் பார்ப்பவர் செடி வளர்ப்பவர் அல்லர், தேர்வாளர்.

காலமும் முக்கியம். மைசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 760 மீட்டர் மேலே இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று வறண்டு துண்டை வாட்டும். டிசம்பர்க் குளிரில் கொடி சோம்பும். சூன் முதல் செப்டம்பர் வரை, தூறலும் மூட்டமுமாக இருக்கும் நாட்கள் ஏற்றவை. நம் கல்வியாண்டின் தொடக்கமும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது என்பது நல்வாய்ப்பு.

மல்லிகை விரும்புவோர்க்கு ஒரு செய்தி. மதுரை மல்லி என்று உலகம் புகழ்கிறதே, அதன் நாற்று மதுரையில் பிறப்பதில்லை. இராமேசுவரத்துக்கு அருகே தங்கச்சிமடத்தின் கடலோர மணலில் குச்சிகளை நெருக்கமாக நட்டு, வேர்விட்ட பின் பிடுங்கிக் கட்டி, ஊர் ஊராக அனுப்புகிறார்கள். மணம் மதுரைக்கு, வேர் தங்கச்சிமடத்துக்கு! அந்த மல்லியும் நம் பக்கத்தில் விதை வைப்பது மிக அரிது. புகழ்பெற்ற பூ ஒன்று, பெயர் அறியாத ஊர் ஒன்றின் கைவேலையால் வாழ்கிறது என்பதை, கூந்தலில் சூடுவோரும் சூட்டுவோரும் நினைத்துப் பார்க்கலாம்.

மிளகோ இன்னும் வியப்பானது. மிளகுக் கொடியில் இருவகைக் கிளை உண்டு. தரையில் ஓடும் கிளையையோ மேலே ஏறும் கிளையையோ வெட்டி நட்டால், அது கொடியாக ஏறும். பக்கவாட்டில் நீண்டு காய்க்கும் கிளையை வெட்டி நட்டால், ஏறாது. குத்துச்செடியாகவே நின்று, தொட்டியிலேயே காய்க்கும். ஒரே கொடி, ஒரே மரபுப் பண்பு. எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் துண்டு மறப்பதில்லை! ஐரோப்பாவின் ஐவிக் கொடியிலும் முதிர்ந்த கிளையை நட்டால் இவ்வாறே புதராக நிற்கிறது. அறை சிறிது, கொழுகொம்பு நட இடமில்லை என்போர்க்கு இந்தக் குத்துமிளகு வரப்பிரசாதம். வேர்விடச் சற்றுப் பிடிவாதம் செய்யும், அவ்வளவே. நோய்ப்படுக்கையில் அறையை விட்டு நகர முடியாதிருந்த டார்வின், ஒரு தொட்டியில் ஹாப் கொடியை வைத்து, அதன் நுனி சுற்றிச் சுற்றி வருவதை இரவும் பகலும் குறித்தார். 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தது. ஆராய்ச்சிக்கூடம் இல்லையே என்று ஏங்கும் நம்மவர்க்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

“நான்தான் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேனே” என்று முழங்குவோர் நம்மிடையே மிகுதி. பழைய மதுப்புட்டியில் நீர் நிரப்பி, ஒரு துண்டைச் செருகி, அலமாரி மேல் வைத்துவிட்டால் தோட்டக்கலை முடிந்தது! நான் அதற்குப் பகைவர் அல்லன் என்றாலும் ஒன்று சொல்வேன். பசிபிக் பெருங்கடலின் மொரேயாத் தீவிலிருந்து வந்தது அது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் என்னும் பொருளை ஆக்க இயலாத குறை அதற்கு உண்டு என 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. எனவே அதுவும் துண்டால்தான் வாழ்கிறது. ஆனால் அதைக் காக்க நாம் வேண்டியதில்லை. உலகத்தின் பாதி அலமாரிகள் காத்துக்கொண்டிருக்கின்றன. இலங்கைக் காடுகளில் அது மரங்களை மூடிப் படர்ந்து தொல்லையாகிவிட்டது. அறையைக் காலி செய்யும்போது அதைக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். நம் சட்டியில் இருக்கும் இடம் சிறிது. அதை ஆதரவற்ற கொடிக்குக் கொடுப்போம்.

மறுப்புகள் வரும், அறிவேன். “இரண்டாண்டு இருந்துவிட்டுப் போகிறவர்கள் நாம், இங்கே எதற்கு வேர்?” என்று ஒரு நண்பர் கேட்டார். புலம்பெயர்ந்த நம்மை வெட்டி நட்ட கொடிக்கு ஒப்பிட்டு உருகுவதற்கு இது நல்ல இடம். அந்த வேலையைக் கவியரங்கத்துக்கு விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் விடை எளிது: கொடிக்கு நாம் நிலையாக இருப்பது தேவையில்லை, நமக்குப்பின் ஒருவர் இருப்பதே தேவை. சங்கத்தில் ஆண்டுதோறும் புது மாணவர் வருகிறார்கள். விடுமுறையில் நீர் ஊற்ற ஆளில்லை என்பது மெய்யான இடர். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சட்டியை ஒப்படைத்துப் பாருங்கள். கன்னடத்தில் கொடிக்கு ‘பள்ளி’ என்று பெயர். நம் ‘வள்ளி’யேதான் அது. நான் குடியிருக்கும் வீட்டு அஜ்ஜிக்கும் எனக்கும் அந்த ஒரு சொல்லில் தொடங்கிய பேச்சு, இப்போது என் சட்டிகளை அவரே கவனித்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறது. சிகுரெலெத் துண்டு தந்தவரும் அவரே. பதிலுக்கு நான் தந்த கற்பூரி அவர் கிணற்றடியில் ஏறுகிறது. கன்னட மண்ணில் இருந்துகொண்டு கன்னடியரோடு பேச ஒன்றும் இல்லை என்று இருப்பவர்கள் நம்மில் உண்டே, அவர்களுக்கு இதைவிட மலிவான மொழியாசிரியர் கிடைக்கமாட்டார்.

“ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றனவே, பாதுகாப்பது அவர்கள் பொறுப்பு” என்பது மற்றொரு மறுப்பு. நிலையங்கள் வேண்டும், நன்று செய்கின்றன. ஆயினும், ஒரே தோட்டத்தில் நட்டுக் காக்கும் கொடியை ஒரே மழைக்காலத்து அழுகல் நோய் அழித்துவிடக் கூடும். ஐம்பது வீடுகளில் இருப்பதை ஒரு நாளில் அழிக்க இயலாது.

நோய் என்றதும், என் கருத்துக்கு எதிரான வலுவான மறுப்பை நானே சொல்லிவிடுவது முறை. துண்டால் பெருகிய கொடிகள் எல்லாம் ஓருடல். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். துண்டோடு நோயும் கைமாறும். 1860-களில் அமெரிக்கத் திராட்சைக் கொடிகளோடு ஒட்டிவந்த பிலாக்ஸரா என்னும் சிறு பூச்சி, பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றது. முடிவில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியின் மேல் பிரஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். கொடி கைமாறுவதில் இந்த இடர் உண்டு. ஆகையால் கைமாற்றாதே என்பதன்று. அறிந்து மாற்று என்பதே என் துணிபு. மண்ணோடு கூடிய செடியை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லாதீர்கள். கழுவிய துண்டை மட்டும் கொண்டு செல்லுங்கள். அடித்தண்டு கறுத்த கொடியிலிருந்து எடுக்காதீர்கள். புதுத் துண்டை ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே வகையை வைக்காமல், ஒருவர் சிகுரெலெ, ஒருவர் கற்பூரி, ஒருவர் வெள்ளைக்கொடி, ஒருவர் மல்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலை வளர்க்கச் சொல்கிறேன். தாம்பூலம் தரிக்கச் சொல்லவில்லை. பாக்குப் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இலை வேறு, அதனுள் மடிப்பது வேறு.

இனிச் செயல். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நம் மேடையில் ஆண்டுக்கு எத்தனை முறை புகழ்கிறோம்! தேர் நம்மிடம் இல்லை; மிதிவண்டியைக் கொடுத்தாலும் விடுதிக் காவலர் பூட்டிவிடுவார். ஒரு மண்சட்டியும் ஒரு மூங்கில் குச்சியும் கொடுக்க முடியும். சங்கத்தின் பொங்கல் விழாவில் விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடைகளுக்குப் பதிலாக, உறுப்பினர் வேர்விடச் செய்த கொடி ஒன்றை அளிக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொன்னாடைகள் பெட்டிக்குள் போவதை யாவரும் அறிவோம். ஒவ்வொரு சட்டியிலும் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும்: கொடியின் வகை, எந்த ஊர், யார் வீட்டிலிருந்து, எந்த நாளில் எடுத்தது. சீட்டில்லாத கொடி சில ஆண்டுகளில் வெறும் பச்சை இலையாகிவிடும். இறுதியாண்டு மாணவர் ஊர் திரும்புமுன், சட்டியை யாரிடம் தந்தோம் என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும்.

செயற்குழு இசையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்னிடம் இப்போது சிகுரெலெ நான்கு சட்டி, கற்பூரி இரண்டு, குத்துமிளகு ஒன்று இருக்கின்றன. மழை தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை துண்டு எடுக்கிறேன். ஆளுக்கு இரண்டு தரலாம். அடியில் துளையிட்ட சட்டியோடு வாருங்கள். கத்தி என்னிடம் உண்டு.